சிறைக்குள் புத்தகம்: சிகிச்சையா, சலுகையா?

பழையபக்கம்: பிரேசிலின் கூட்டாட்சிச் சிறைகளில் 2012 முதல் ஒரு நடைமுறை உண்டு. கைதி ஒரு புத்தகம் படித்து அதைப் பற்றி எழுதிக் கொடுத்தால் தண்டனையில் 4 நாள் கழியும். ஆண்டுக்கு 12 புத்தகம் வரை, அதாவது 48 நாள். வாசிப்பை மனச் சிகிச்சையாகவே எல்லாச் சிறைகளிலும் கொண்டுவரலாம் என்பது என் கட்சி.

எதிர்க்காற்று: நாள் கழியும் என்றால் யார்தான் படிக்க மாட்டார்கள்? இதற்குப் பேரம் என்று பெயர். மாதக்கணக்கில் தூக்கமில்லாதவருக்கு மருத்துவர் வேண்டும். "அதான் புத்தகம் கொடுத்துவிட்டோமே" என்று மருத்துவர் பணியிடத்தைக் காலியாகவே விட்டுவிடுவார்கள்.

மூன்றாம்மணி: ஒரு சிறையில் இரண்டு ஆண்டுகள் வாசிப்பு வட்டம் நடத்தியவன் நான். ஆரம்பத்தில் திருந்திய மனிதர்களின் கதைகளாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போனேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உபதேசம் செய்ய வந்த ஆள் என்று கண்டுகொண்டார்கள். அப்புறம் ஒருநாள், அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளாத ஒரு சிறுகதையை உரக்கப் படித்தேன். "இந்தப் பையன் செய்தது சரியில்லை" என்றார் ஒருவர். அவ்வளவுதான், அரை மணி நேரம் அந்தப் பையனை வைத்தே சண்டை. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆலோசகர் முன்னால் 'நான்' என்று தொடங்க வராதவருக்கு 'அவன்' என்று தொடங்க வருகிறது.

எதிர்க்காற்று: சரி, எழுத்தே தெரியாதவர்கள்?

மூன்றாம்மணி: அதற்குத்தான் உரக்கப் படிப்பது. எங்கள் வட்டத்தில் மூன்று பேருக்குப் படிக்கத் தெரியாது. வாதாடுவதில் அவர்கள்தான் முன்னால் நின்றார்கள்.

பழையபக்கம்: அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1991ல் ஒரு நீதிபதியும் ஓர் இலக்கியப் பேராசிரியரும் சேர்ந்து, சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாகவே வாசிப்பு வகுப்பைத் தொடங்கினார்கள்.

எதிர்க்காற்று: மாற வேண்டும் என்று ஏற்கெனவே நினைப்பவர்தானே அங்கே வந்து உட்காருவார்? அவர் திருந்தியதைப் புத்தகத்தின் கணக்கில் எப்படி எழுதுவது?

பழையபக்கம்: நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் முதலில் புத்தகம் உள்ளே போக வேண்டுமே! இங்கிலாந்தில் கைதிகளுக்கு வெளியிலிருந்து புத்தகம் அனுப்புவதையே கட்டுப்படுத்தினார்கள். அது சட்டவிரோதம் என்று 2014 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. வகுத்த மண்டேலா விதிகளில் 64ஆவது விதி, ஒவ்வொரு சிறையிலும் நூலகம் வேண்டும் என்கிறது.

எதிர்க்காற்று: நூலகத்தை நான் எங்கே எதிர்த்தேன்? உரிமை என்று கொடுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. சிகிச்சை என்று பெயர் வைத்தால், எது 'நல்ல' புத்தகம் என்று நாளைக்கே ஒருவர் பட்டியல் போடக் கிளம்பிவிடுவார்.

மூன்றாம்மணி: அப்படிக் கிளம்பிய முதல் ஆள் நான்தான். மேலே சொன்னேனே.