எந்த ஏரியா என்று கேட்டபோது

காசிமேட்டுப் பெண்:

வட சென்னையிலிருந்து அறிவியல், பொறியியல் படிக்கப் போனவர்கள் அங்கே சந்தித்ததைச் சொல்லுங்கள். நான் தொடங்குகிறேன்.

2021இல், பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த முதல் வருடமே, மெக்கானிக்கல் சேர்ந்தேன். பன்னிரண்டாவது வரை மாநகராட்சிப் பள்ளி, தமிழ் மீடியம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

முதல் வாரம் ஒரு பேராசிரியர் என்னை எழுப்பி, எந்த ஏரியா என்று கேட்டார். காசிமேடு என்றேன். "ஓ, நார்த் மெட்ராஸா! இவங்ககிட்ட யாரும் வம்பு வெச்சுக்காதீங்கப்பா" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் அதை அன்றே மறந்திருப்பார். நான் மறுநாளிலிருந்து யார் கேட்டாலும் ராயபுரம் என்றேன். அடுத்த மாதம் அது பாரிமுனைப் பக்கம் ஆகிவிட்டது. கை தூக்குவதையும் விட்டுவிட்டேன். தப்பாகப் பதில் சொன்னால் ஏரியாவையே சேர்த்துச் சொல்வார்களே என்ற பயம்.

இத்தனைக்கும் பாடம் புரியாமல் இல்லை. டார்க் என்று அவர்கள் சொன்னது நான் படித்த திருப்புவிசை. இனர்ஷியா என்றால் நிலைமம். நோட்டு ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிவிட்டு, பக்கத்துப் பெண் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொள்வேன்.

இரண்டாம் ஆண்டு லேபில் ஒருநாள் டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. பையன்கள் மாறி மாறி ஹேண்டிலைச் சுற்றிக் களைத்துப்போனார்கள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். டேங்க் காலியாகி மறுபடி டீசல் ஊற்றினால் எஞ்சின் இப்படித்தான் வெறுமனே சுற்றும். "ஏர் புடிச்சிருக்கு சார்" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, சுற்றச் சொன்னேன். முதலில் நுரைநுரையாக வந்தது. குமிழி நின்று வெறும் டீசல் வழிந்ததும் நட்டை இறுக்கினேன். அடுத்த சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பொறுப்பில் இருந்த மேடம் காரணத்தைப் போர்டில் எழுதச் சொன்னார். காற்று அழுத்தினால் சுருங்கும், டீசல் அவ்வளவாகச் சுருங்காது; பைப்பில் காற்று இருந்தால் பம்பு தரும் அழுத்தமெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே போய்விடும், நாசில் திறக்காது. "எங்கம்மா கத்துக்கிட்ட?" என்றார். காசிமேட்டில், அப்பாவிடம் என்றேன். ரொம்ப நாள் கழித்து அந்தப் பெயரைச் சொன்னேன். "அடுத்த பேட்சுக்கும் நீயே செஞ்சு காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எண்ணூர்க்காரன்:

அக்கா, நான் வேதியியல் படிக்கிறேன். முதலில் பாஸானால் போதும் என்றுதான் இருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் வந்ததே, அப்போது எங்கள் மாமாவின் வலை தார் பூசியதுபோல் ஆகிவிட்டது. "கெமிஸ்ட்ரி படிக்கிறியே, இது எப்போடா போகும்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்துதான் படிக்கிறேன் என்றே சொல்வேன். எண்ணெயில் லேசான பாகம் ஆவியாகிவிடும், கனமானது சேற்றிலும் அலையாத்தி வேரிலும் தங்கிவிடும் என்று இப்போது அவருக்குச் சொல்ல முடிகிறது. ப்ராஜெக்ட்டுக்கு எங்கள் கரைச் சேற்றையே எடுக்கிறேன் என்றபோது ஒரு சார், "அதெல்லாம் அரசியல், வேற எடு" என்றார். விண்ணப்பம் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது.

தண்டையார்பேட்டை டீச்சர்:

அந்த மேடம் செய்தது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் ஹெய்டி கார்லோன், ஏஞ்சலா ஜான்சன் இருவரும் அறிவியல் துறைக்கு வந்த வெள்ளையரல்லாத 15 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2007இல் எழுதினார்கள். பாடம் தெரிவது, அதைச் செய்து காட்டுவது, இவள் நம் துறை ஆள் என்று மற்றவர்கள் ஏற்பது, இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தார்கள். கடைசி ஒன்று கிடைக்காதவர்கள்தான் ரொம்பக் கஷ்டப்பட்டார்கள். என் மாணவிகளிடமும் அதையே பார்க்கிறேன். 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் ரெக்கார்ட் நோட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் நிஜமாகவே உதவுகிறது. ஆனால் "கோட்டாவா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அந்த வாரம் முழுக்கப் பிள்ளை பேசமாட்டாள்.

எண்ணூர்த் தம்பி, துறைத் தலைவரை நேரில் பார்த்துக் கேளுங்கள், விடாதீர்கள்.

காசிமேட்டுப் பெண்ணே, ஞாயிற்றுக்கிழமை ப்ளஸ் டூ பிள்ளைகள் எட்டுப் பேர் என் வீட்டு மாடிக்குப் படிக்க வருகிறார்கள். ஏர் எடுப்பதைப் படம் போட்டு விளக்க ஒருமுறை வர முடியுமா?

காசிமேட்டுப் பெண்:

வருகிறேன் டீச்சர். ஞாயிறு அப்பா கடலுக்குப் போகவில்லை என்றால் அவரையும் கூட்டி வரட்டுமா? ஸ்பேனர், பழைய நாசில் எல்லாம் அவரிடம் இருக்கிறது.