ஸொட்டேரோ: ஆசிரியர் பெயரை வாக்கியத்துக்குள் எழுதி, ஆண்டை மட்டும் அடைப்புக்குள் வரவைப்பது எப்படி?

ஹட்டன்_முதுமாணி
பெருந்தோட்டப் பெண்களின் உழைப்பைப் பற்றித் தமிழில் ஆய்வேடு எழுதுகிறேன். வேர்டில் ஸொட்டேரோ 7 (மேற்கோள்களைச் செருகும் மென்பொருள்), ஏபிஏ மேற்கோள் பாணியின் 7ஆம் பதிப்பு. "ஜயவர்தனவும் குரியனும் (2015) காட்டுவதுபோல" என்று வரவேண்டும். ஆனால் பெயர்களும் ஆங்கில எழுத்தில் அடைப்புக்குள்ளேயே விழுகின்றன. கையால் அழித்தால், அடுத்த புதுப்பிப்பில் 'நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், வைத்துக்கொள்ளவா?' என்று கேட்கிறது. என்ன கொடுப்பது? தொகைமதிப்புத் திணைக்களத்தின் பெயரும் உசாத்துணைப் பட்டியலில் "ஸ்டட்டிஸ்டிக்ஸ், டி." என்று உடைந்து வருகிறது.

கண்டி_உசாத்துணை
'நோ' கொடுங்கள். 'யெஸ்' கொடுத்தால் அந்த மேற்கோள் அப்படியே உறைந்துவிடும். பிறகு பாணியை மாற்றினாலும் ஆண்டைத் திருத்தினாலும் அது மட்டும் மாறாது. ஏற்கெனவே 'யெஸ்' கொடுத்தவற்றை அழித்துவிட்டுப் புதிதாகச் செருகுவதே சுத்தம்.

சரியான வழி: பெயரை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அதன் பின்னால் 'அட் எடிட் சைட்டேஷன்' அழுத்தி நூலைத் தெரிவு செய்து, பெட்டிக்குள் அந்த நூலைக் காட்டி வரும் சிறு குமிழைக் கிளிக் செய்தால் 'ஒமிட் ஆதர்' இருக்கும் (பழைய பதிப்புகளில் 'சப்ரஸ் ஆதர்'). அதில் சரி போட்டால் (2015) மட்டும் நிற்கும். ஒரே அடைப்பில் இரண்டு நூல் இருந்தால் ஒவ்வொரு குமிழுக்கும் தனித்தனியே போடவேண்டும்.

எண்ட்நோட் என்ற இன்னொரு மேற்கோள் மென்பொருளில் ஆசிரியர்–ஆண்டு வடிவத்தை அதுவே எழுதித் தரும். தமிழ் வசனத்துக்கு அது உதவாது. நமக்குக் 'குரியனின்', 'குரியனும்' என்று வேற்றுமையும் உம்மையும் பெயரோடு ஒட்டவேண்டும், அதை எந்த மென்பொருளும் செய்யாது. ஆகவே பெயர் உங்கள் கையில், ஆண்டு மென்பொருளின் கையில்.

பதுளை_ஆய்வாளர்
திணைக்களப் பெயர் உடைவது, முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டங்களில் அது பிரிந்து கிடப்பதால். வலப்பக்கத் தகவல் பலகத்தில் பெயருக்குப் பக்கத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்கி, முழுப் பெயரையும் அதில் எழுதுங்கள்.

தலைப்பெழுத்துகளையும் கவனியுங்கள். உதாரணமாக, வேலுப்பிள்ளை என்ற ஆசிரியர் ஒரு பதிவில் 'சி. வி.', இன்னொன்றில் 'சி.' என்றிருந்தால் ஏபிஏ இருவர் என்று நினைத்து, அடைப்புக்குள் தலைப்பெழுத்தையும் சேர்த்துவிடும். எல்லாப் பதிவிலும் ஒரே மாதிரி எழுதினால் தானாகப் போய்விடும். ஒரே நூல் 2015a, 2015b என்று வந்தால் உங்கள் ஸொட்டேரோ நூலகத்தில் இரட்டைப் பதிவு இருக்கிறது. ஒன்றை அழிக்காதீர்கள், 'மேர்ஜ்' செய்து ஒன்றாக இணையுங்கள். அழித்தால் வேர்டிலுள்ள மேற்கோளின் தொடர்பு அறுந்துபோகும்.

ஹட்டன்_முதுமாணி
நன்றி, இரண்டும் சரியாகிவிட்டன. பக்க எண் "p. 45" என்று வருகிறதே, "ப. 45" ஆக்கலாமா?

கண்டி_உசாத்துணை
ஆகும். பக்கக் கட்டத்தை வெறுமையாக விட்டு, அதே குமிழின் 'சஃபிக்ஸ்' கட்டத்தில் காற்புள்ளியோடு ", ப. 45" என்று எழுதுங்கள். சமர்ப்பிக்கும் முன் 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' (மேற்கோள்களை ஸொட்டேரோவிலிருந்து துண்டித்துச் சாதாரண எழுத்தாக்குவது) செய்வதென்றால் கோப்பின் பிரதியில் மட்டும் செய்யுங்கள். பரீட்சகர் திருத்தம் கேட்டால் மூலக்கோப்பு வேண்டும்.