சோன் சிஸ்டம்: வலயமா, படியா?

[கோண்டாவில்]
எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் நடக்கப்போகும் கறுப்பு வெள்ளைப் படப்பிடிப்பு வகுப்பின் கைநூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். பயணப்படம், இயற்கைப்படம் என்று எல்லாம் முடிந்தது, ஒரு சொல்தான் இடிக்கிறது. படத்தில் எந்த இடம் எவ்வளவு கறுப்பாக, வெள்ளையாக விழவேண்டும் என்று திட்டமிட்டு ஒளியை அளக்கும் முறைதான் சோன் சிஸ்டம். 1940ஐ ஒட்டி அமெரிக்கப் படப்பிடிப்பாளர்கள் அன்சல் அடம்ஸும் பிரெட் ஆச்சரும் வகுத்த அதில் கடும் கறுப்பு 0, தாளின் வெள்ளை 10, இடையில் சாம்பலின் நிலைகள், ஒன்று ஏற ஒளி இரட்டிக்கும். இந்தச் சோனுக்கு ‘வலயம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

[நல்லூர்]
தம்பி, நல்ல சொல், மாற்றாதேயும். வடமொழி என்று சிலர் கிளம்புவார்கள். வளை, வளையம், வளையல், வளைவு எல்லாம் ஒரே வேர், வலயமும் அதற்குள்தான் என்பது என் நெடுநாள் எண்ணம். சோன் என்பதும் கிரேக்கத்தில் இடுப்புப் பட்டிதான். ஆக மேகலை என்றுகூடச் சொல்ல இடமிருக்கிறது! தமிழ்நாட்டார் எழுதும் ‘மண்டலம்’ முழு வடமொழி, அது வேண்டாம்.

[நெல்லியடி]
ஐயா, வேர் நீங்கள் சொன்னபடியே இருக்கட்டும். வகுப்பில் ஆர் இருக்கப்போகினம் என்று பாருங்கோ. வலயம் என்றால் பிள்ளைகளுக்கு வலயக் கல்வி அலுவலகம், தாய் தகப்பனுக்கு இராணுவம் சனத்தை விடாமல் அடைத்து வைத்த உயர் பாதுகாப்பு வலயம். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட குடும்பத்துப் பிள்ளையிடம் ‘நிழலை மூன்றாம் வலயத்தில் வை’ என்று நான் சொல்லமாட்டேன்.

பொருளும் பொருந்தாது. வலயம் ஓர் இடம். இங்கே இருப்பது ஏற்ற இறக்கம். நெடுந்தீவின் முருகைக்கல் மதில் ஒன்றை, சட்டம் நிறைய, உச்சி வெயிலில் எடுங்கோ. கமராவில் ஒளியை அளக்கும் மீற்றருக்கு அது வெள்ளை என்று தெரியாது, 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பல் என்றே கணக்கெடுத்து 5 இல் வைத்துவிடும், மதில் அழுக்காக விழும். இரண்டு ஸ்ரொப், அதாவது ஒளியை இரண்டு முறை இரட்டித்து, கூட்டினால் 7, அப்போது வெள்ளையும் வெள்ளையாக இருக்கும், கல்லின் துளைகளும் தெரியும். கறுத்த பனையடியை அளந்தால் மறுபக்கம், இரண்டு குறைக்கவேண்டும். ஏறுகிறோம், இறங்குகிறோம், ஆகவே ‘ஒளிப்படி’.

[மதுரை]
அக்கா, படி சரி, ஒளிப்படி வேண்டாம். இங்கே ஜெராக்ஸுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. ‘சாம்பற்படி’ என்றால் கேட்டவுடன் புரியும்.

[நல்லூர்]
சாம்பல் எரிந்து மிஞ்சியது, அதை ஒரு நிறத்துக்குப் பெயராக்கியது நமது சோம்பல். ‘யாண்டு பலவாக நரையில ஆகுதல்’ என்று பிசிராந்தையார் தொடங்குகிறாரே, புறநானூறு 191, அந்த நரை இருக்கிறது. ஈரெழுத்து. நரைப்படி!

[நெல்லியடி]
ஐயா, பாட்டு எனக்கும் உயிர். ஆனால் நரை என்றால் பிள்ளைக்குத் தலைமயிர்தான். மேகத்தையும் கடலையும் அந்தச் சொல்லால் பார்க்க அவர்களைப் பழக்க ஒரு வருஷம் வேண்டும், இது ரெண்டு நாள் வகுப்பு.

[கோண்டாவில்]
நேரம் இல்லை. வலயத்தை எடுத்துவிட்டேன், அக்கா சொன்னது மனதில் தைத்தது. மூன்று பேர் சாம்பற்படிக்குச் சம்மதம், அதையே போடுகிறேன்.

[நல்லூர்]
போடும். ஆனால் 0 முழுக் கறுப்பு, 10 முழு வெள்ளை, இரண்டிலும் சாம்பல் இல்லை. அவற்றை எப்படிச் சாம்பற்படி என்பீர்?

[கோண்டாவில்]
ஐயா, கேள்வி நியாயம். தலைப்பில் மட்டும் ‘சாம்பற்படி முறை’, உள்ளே எல்லா இடமும் வெறும் ‘படி’: மூன்றாம் படி, ஏழாம் படி.

[நல்லூர்]
உள்ளே சரி. தலைப்புக்கு நான் உடன்படவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் திரும்பவும் எழுதுவேன்.