வெளிநாட்டில் வேலைநிறுத்த நாளில் பயணம்: உங்கள் அனுபவம் என்ன?

மதுரைக்காரன்:
இத்தாலியில் வேலைநிறுத்தத்துக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுப் போக்குவரத்தில் குறைந்தது பத்து நாள் முன்னதாக அறிவித்தாக வேண்டும். எந்தத் தேதி, எந்த ஊர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் பட்டியலே கிடைக்கிறது. புறப்படும் முன் அதைப் பார்த்தேன். நாங்கள் பிளாரன்ஸிலிருந்து பீசா போகவிருந்த வெள்ளிக்கிழமை அதில் இருந்தது. (வெள்ளிக்கிழமை மேல் அங்கே தொழிற்சங்கங்களுக்குத் தனிப் பிரியம்.)

வியாழன் இரவு 9 மணிக்குத் தொடங்கி வெள்ளி இரவு 9 வரை ரயில் கிடையாது. ஆனால் வேலை நாள்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசிய வட்டார ரயில்களை ஓட்டியே தீர வேண்டும். ஏழரை மணி வாக்கில் ஏறிவிட்டோம். ஒரு மணி நேரப் பயணம்தான். சாய்ந்த கோபுரத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு மாலை நிலையத்துக்கு வந்தால், அறிவிப்புப் பலகையில் மதிய ரயில்கள் அத்தனைக்கும் நேராக ‘ரத்து’. பலகையின் கீழே பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள் மதியத்திலிருந்து காத்திருந்தவர்கள். ஆறு மணிக்குப் பிறகு முதல் ரயிலுக்கு நடைமேடை எண் விழுந்ததும் ஒரே ஓட்டம்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஞாயிறு, விடுமுறை நாள்களில் வட்டார ரயில்களுக்கு இந்த நேர உத்தரவாதம் இல்லை. நகரப் பேருந்துக்கு ஊருக்கு ஊர் நேரம் மாறும். முந்தைய நாள் மாலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். கடைசி நேரத்தில் வேலைநிறுத்தத்தைக் கைவிடுவதும் உண்டு.

ரயில்பிரியை:
பாரீஸில் வேறு கணக்கு. வேலைநிறுத்தத்தில் சேரும் ஊழியர்கள் 48 மணி நேரம் முன்பே நிர்வாகத்திடம் சொல்லியாக வேண்டும். அதனால் முந்தைய நாள் மாலைக்குள் எது ஓடும் என்று தெரிந்துவிடும். மெட்ரோவின் 1, 4, 14ஆம் தடங்களுக்கு ஓட்டுநரே கிடையாது. அவை எப்படியும் ஓடும். நான் 14ஆம் தடத்தின் ஓரமாகவே விடுதி எடுத்தேன். 2024 முதல் அது ஓர்லி விமான நிலையம் வரை போகிறது. மூன்று தடங்களும் சந்திக்கும் சாத்லே நிலையத்தில் அன்று பட்ட நெரிசலைத்தான் சொல்லி மாளாது. பெரிய பெட்டி இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கொலோன்வாசி:
ஜெர்மனியில் பத்து நாள் அவகாசமெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். ஓரிரு நாள் முன்புதான் செய்தியே வரும். குறைந்தபட்ச ரயில்களை ஓட்டச் சொல்லும் சட்டமும் இல்லை. 2023 மார்ச் 27 அன்று நெடுந்தூர ரயில்களும் பெரும்பாலான பெரிய விமான நிலையங்களும் ஒரே நாளில் முடங்கின. தனியார் நெடுந்தூர பஸ்கள் ஓடின, ஆனால் டிக்கெட் விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. சம்பளப் பேச்சுவார்த்தை இழுபறியில் இருக்கும் மாதங்களில், விமானம் ஏறும் ஊருக்கு நான் முந்தைய நாளே போய்விடுகிறேன். ஓர் இரவு விடுதிச் செலவு, அவ்வளவுதான்.