கக்கன்: அந்தப் பொது வார்டும் பத்து வருஷ மந்திரிப் பதவியும்

மேலூர்ப்பக்கம்:
எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனாலும் ஒரு இடம் உறுத்துகிறது. மதுரை அரசு ஆஸ்பத்திரி. வேறொருவரை நலம் விசாரிக்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆரிடம், கக்கனும் இங்கேதான் கிடக்கிறார் என்று யாரோ சொல்கிறார்கள். தேடிப் போனால், உள்துறை அமைச்சராக இருந்த மனுஷன் பொது வார்டில். தனி அறைக்கு மாற்றச் சொன்னதும் வேண்டாம் என்றுவிட்டார். கட்டிலா தரையா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், அது போகட்டும். உறுத்துவது அந்த 'யாரோ'தான். 1967-ல் பதவி போனது, 1981 டிசம்பரில் இறந்தார். நடுவில் பதினாலு வருஷம். யாராவது சொன்னால்தான் தெரியும் என்ற நிலைமை.

கடைமடை:
எப்போது பார்த்தாலும் இந்த வார்டுக் கதைதானா? 1939 ஆலயப் பிரவேசத்தில் வைத்தியநாதய்யரோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். அரசியல் நிர்ணய சபை, 52-ல் மக்களவை, 57-ல் காமராஜர் மந்திரிசபையில் பொதுப்பணி, 62-ல் விவசாயம், 63 அக்டோபரில் பக்தவத்சலம் முதலமைச்சராக வந்ததும் உள்துறை.

அவர் கட்டிய வைகை அணையைப் பேசுங்கள். 1959 ஜனவரியில் திறந்தது. தேக்கும் நீர்மட்டம் 71 அடி. அணைக்குக் கீழே பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர் வரை ஒருபோகம், 85,563 ஏக்கர். ஒருபோகத்துக்கு 120 நாள் தண்ணீர் என்றால் முதல் 45 நாள் தொடர்ந்து, மீதி 75 நாள் முறை வைத்து, அதாவது விட்டு விட்டு. வம்பு அந்த முறையில்தான். மேலே ஒரு மடையை அடைக்காமல் விட்டாலும் கீழே வாய்க்கால் ஈரமாவதோடு சரி. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் அப்படி நடந்தால் அறுப்பது பதரைத்தான். தும்பைப்பட்டியில் பிறந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பழையகோப்பு:
'அவர் கட்டிய' என்பது தப்பு. 57-ல் அவர் துறைக்கு வரும்போதே அணை வேலை ஓடிக்கொண்டிருந்தது. முடித்தது அவர் காலத்தில், அவ்வளவுதான். அப்புறம், உள்துறையை ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்களே? 1965 ஜனவரி 25 மதுரையில் இந்தி எதிர்ப்புக் கலவரம் வெடித்தது, அதன்பின் ஊர் ஊராக நடந்த துப்பாக்கிச் சூடுகள், எல்லாம் அவர் அந்த நாற்காலியில் இருந்தபோது. 67 தேர்தலில் காமராஜரும் பக்தவத்சலமும் தோற்றார்கள், மேலூர் தெற்கில் இவரும். வார்டில் கிடந்தார் என்பதற்காக அந்தக் கணக்கு நேராகிவிடாது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு மந்திரி என்ன செய்தார் என்று பார்க்கக் கல்வெட்டை நம்பாதீர்கள், அதில் திறந்துவைத்தவர் பெயர்தான் இருக்கும். முதலில் துறை மாறிய தேதிகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேரவை நடவடிக்கைக் குறிப்பில் அந்தத் துறையின் மானியக் கோரிக்கை விவாதம், அதாவது துறைச் செலவுக்குப் பணம் கேட்கும்போது நடப்பது. அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுத்தவர் என்ன குறை சொன்னார், பதிலுரையில் மந்திரி எதை ஒப்புக்கொண்டார், எதை நழுவவிட்டார், விஷயம் அங்கேதான். அடுத்து அரசாணை: நிர்வாக ஒப்புதல் தேதி, தொகை. பேரவையில் அறிவித்து அரசாணை வராத வேலையைச் சாதனைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், பாதிப் பேர் வழுக்கி விழுவது இங்கே. 'தமிழ்நாடு' என்று தேடினால் கக்கன் காலத்து ஆவணம் கிடைக்காது. 1969 வரை மதராஸ் மாநிலம். மதுரை ஜில்லா என்றால் இன்றைய தேனி, திண்டுக்கல்லும் அதற்குள். 57 தேர்தல் முடிவில் சில தொகுதிகளுக்கு இரண்டு பேர் ஜெயித்ததாக இருக்கும். அச்சுப்பிழை இல்லை, இரட்டை உறுப்பினர் தொகுதி. 61-ல்தான் ஒழித்தார்கள்.

மேலூர்ப்பக்கம்:
கேட்டது ஒரு 'யாரோ'வைப் பற்றி. வந்தது கால்வாயும் அரசாணையும். பரவாயில்லை. ஆனால் மானியக் கோரிக்கை எத்தனை படித்தாலும், ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்ன அந்த ஆள் யாரென்று அதில் இருக்காது.