மிண்டேஜ் (அடிச்ச காசு எண்ணிக்கை) கம்மியா இருந்தாதான் பழைய காசுக்கு மதிப்பா? தாத்தா செம்புல கெடச்ச வெள்ளி ரூபாய்

செல்வா_குடந்தை:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் தாத்தா வீட்ட ஒழிச்சப்ப பரண்ல ஒரு பித்தளை செம்பு கெடச்சுது, உள்ள மஞ்சத்துணில முடிஞ்சு 14 வெள்ளி ரூபாய். விக்டோரியா தலை போட்ட 1862 மட்டும் ஏழு, எட்வர்ட் ரெண்டு, மீதி அஞ்சும் ஜார்ஜ், அதுல ஒண்ணு 1911, நாலு 1918. ஒவ்வொரு வருஷமும் எத்தன அடிச்சாங்கன்னு தேடிப் பார்த்தேன், 1911ல சுமார் 94 லட்சம்னு போட்டுருக்கு. 94 லட்சம் காசு எப்படி அபூர்வமாகும், ஆனா அதுக்குதான் எல்லாரும் பல மடங்கு வெல சொல்றாங்க. ஏழு காசும் 1862ன்னே இருக்கே, அந்த ஒரு வருஷத்துலயே அவ்ளோ அடிச்சுத் தள்ளுனாங்களா? நகைக்கடைல கேட்டா வெள்ளி ரேட்டுக்கு எடுத்துக்குறோம்ங்குறாங்க, யூட்யூப்ல பாத்தா லட்சக்கணக்குல பேசுறாங்க. விக்கிற எண்ணம் இல்ல, அம்மா ஒத்துக்க மாட்டாங்க, ஆனா கைல இருக்கறது என்னன்னு தெரிஞ்சுக்கணும். எல்லாம் கறுத்துக் கெடக்கு, புளி போட்டுத் தேய்க்கலாமா?

பழங்காசு_ராஜா:
தம்பி முதல்ல புளிய கீழ வைங்க, கழுவவே கழுவாதீங்க.

மிண்டேஜ்ங்கறது பொறந்த கணக்கு, அவ்ளோதான். இன்னைக்கு எத்தன உசுரோட இருக்குங்கறது வேற கணக்கு, வெலய முடிவு பண்றது அந்த ரெண்டாவது கணக்குதான். 1911 ரூபாயே அதுக்கு சாட்சி. ஜார்ஜ் மன்னர் மேலங்கில ஒரு குட்டி யானை இருக்கும் பாருங்க, தும்பிக்கையும் காலும் கட்டையா விழுந்து பாக்க பன்னி மாதிரியே இருந்துச்சு, ராஜா உடுப்புல பன்னியான்னு முஸ்லிம் மக்கள் கொதிச்சுப் போனாங்க, சர்க்கார் உடனே வெளிய விடறத நிறுத்தி உருக்கிருச்சு. அடிச்ச 94 லட்சத்துல வெளிய போனது சுமார் 7 லட்சம்தான். 1912ல தும்பிக்கைய தெளிவா செதுக்கி அச்ச மாத்திட்டாங்க. அதனாலதான் கலெக்டர்ஸ், அதாவது பழைய காசு சேக்குறவங்க, இத பன்னி ரூபாய்ம்பாங்க. உங்க காச லென்ஸ் வச்சுப் பாருங்க, அதப் பாக்குற சந்தோஷமே தனி.

1862 கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. அந்த வருஷத்துக்கு அப்புறம் 1874 வரைக்கும் அச்சுல வருஷத்த மாத்தவே இல்ல, எல்லாத்துலயும் 1862ன்னே இருக்கும். பம்பாய் மிண்ட்ல (காசு அடிக்கிற சாலை) மட்டும் பின்பக்கம் பொடிப்பொடியா புள்ளி வச்சு வருஷத்த அடையாளம் காட்டுனாங்க. ஸோ உங்க ஏழும் ஏழு வேற வருஷமா கூட இருக்கலாம், சில புள்ளி வகை நெறைய கெடைக்கும், சிலது கண்ணுலயே படாது. "1862 மிண்டேஜ் எவ்வளவு"ன்னு ஒரு நம்பர் சொன்னா அதுக்கு அர்த்தமே இல்ல, புள்ளிய எண்ணிட்டு வந்து சொல்லுங்க.

டல்லாஸ்_முருகு:
ராஜா அண்ணன் சொன்னதுக்கு நேர் தலைகீழா இங்க அமெரிக்கால ஒண்ணு நடந்துருக்கு. 1903ல நியூ ஆர்லியன்ஸ்ல அடிச்ச மார்கன் வெள்ளி டாலர், சுமார் 44 லட்சம். எல்லாம் உருகிப்போச்சுன்னு நெனச்சு கலெக்டர்ஸ் ஆயிரம் டாலருக்கு மேல குடுத்து வாங்குனாங்க, 1962 கடைசில கஜானால இருந்து மூட்ட மூட்டயா புது காசு வெளிய வரவும் வெல சடசடன்னு சரிஞ்சுருச்சு. அடிச்ச எண்ணிக்கை மாறல, இருக்கறது எவ்வளவுங்கற நெனப்புதான் மாறுச்சு.

அப்புறம் செல்வா, உங்க 1918 நாலும் சாதாரணமா கெடைக்கிற காசுதான், அந்த வருஷம் 40 கோடிக்கு மேல அடிச்சுருக்காங்க. ஆனா கதை பெருசு. முதல் உலகப்போர்ல இந்தியாவுக்கு வெள்ளி பத்தாம அமெரிக்கா 1918ல சட்டம் போட்டு 27 கோடி டாலர் காச உருக்குச்சு, அதுல பெரும்பங்கு வெள்ளி இந்தியாவுக்குத்தான் கப்பல் ஏறுச்சு. உங்க தாத்தா செம்புல இருக்குற ரூபாய் ஒரு காலத்துல டாலரா இருந்துருக்கலாம், எனக்கு இத நெனச்சாலே புல்லரிக்கும்.

ரேவதி_மதுரை:
தம்பி, கண்டிஷன் பத்தி யாரும் சொல்லலயே. ஒரே வருஷம் ஒரே மிண்டா இருந்தாலும் தலைமுடி வரி, கிரீடத்து வேலைப்பாடு தெளிவா இருக்குற காசுக்கும் வழவழன்னு தேஞ்ச காசுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எங்க அப்பா பொங்கலுக்குப் பொங்கல் சாமி ரூம் காசெல்லாம் விபூதி போட்டுத் தேய்ப்பாரு, நல்ல மனசோடதான் செஞ்சாரு, ஆனா ராணி மூக்கும் கண்ணும் போயே போச்சு, எனக்கு இப்பவும் மனசு ஆறல. அந்தக் கறுப்பு வெள்ளியோட இயற்கையான படிவு, இருக்கட்டும். மாலைல கோக்க வளையம் பத்த வச்ச தடம், ஓட்டை இருந்தாலும் வெல விழுந்துரும். ஓரத்தப் புடிச்சு எடுங்க, பிசுபிசுன்னு வர்ற பிவிசி கவர்ல போட்டுறாதீங்க, நாள்பட பச்சையா படியும்.

யூட்யூப்காரங்க "முன்பணம் கட்டுங்க, ரிசர்வ் வங்கி கமிஷன்"னு கேட்டா போன கட் பண்ணுங்க. அவங்க பேர வச்சு இப்படி ஏமாத்துறாங்கன்னு ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்ல அறிவிப்பு விட்டுருக்கு. நகைக்கடை ரேட்டும் உங்களுக்கு அடிமட்டம் மட்டும்தான், 11.66 கிராம்ல 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது ஒரு காசுல பத்தரை கிராமுக்கு மேல சுத்த வெள்ளி. அதுக்குக் கீழ யாருக்கும் குடுக்காதீங்க.

செல்வா_குடந்தை:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ராத்திரி அம்மாவும் நானும் லென்ஸ் வச்சு உக்காந்துட்டோம். 1862ல ரெண்டுல புள்ளியே இல்ல, மத்த அஞ்சுல இருக்கு, ஒவ்வொண்ணுலயும் எண்ணிக்கை வேற வேற. 1911ல யானைய பாத்துட்டு அம்மா "அட ஆமாடா பன்னிதான்"னாங்க. பின்பக்கம் அடில தாமரைக்குக் கீழ ஒரு மேடான புள்ளி தெரியுது, அது என்ன?

பழங்காசு_ராஜா:
அது பம்பாய் மிண்ட் தம்பி, கல்கத்தான்னா புள்ளி இருக்காது. ஆனா 1911க்கு போலி நெறைய சுத்துது, மின்னணு தராசுல எடை போடுங்க, தேய்மானத்துக்கு கொஞ்சம் கொறையலாம், ரொம்பக் கொறஞ்சா சந்தேகப்படணும். ஓரத்துல இருக்குற வரிவரியையும் போட்டோ எடுத்துப் போடுங்க, வார்த்து எடுத்த போலியா இருந்தா அங்கதான் இணைப்புக் கோடு காட்டிக்குடுக்கும். 1862 ஏழையும் வரிசையா வச்சு பின்பக்கம் எடுங்க, ஒவ்வொண்ணா பாப்போம்.