போர்வெல் போட்டியை மாதிரிக்குள் கொண்டுவருவது எப்படி?

வணக்கம். கோவைப் பகுதி நிலத்தடி நீரை வைத்து, வென்சிம் மென்பொருளில் ஒரு சிஸ்டம் டைனமிக்ஸ் மாதிரி (ஒன்றையொன்று பாதிக்கும் காரணிகளைச் சுழற்சிகளாகவும் சமன்பாடுகளாகவும் எழுதும் கணினி மாதிரி) செய்துவருகிறேன். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடினாலும் பில் வராது. ஆகவே நீர்மட்டம் இறங்கினால் செலவு கூடி இறைப்பு குறையும் என்கிற சமன்செய்யும் சுழற்சி அறுந்துவிடுகிறது. இதுவரை சிக்கலில்லை. மழை, ஊறல், இறைப்பு எல்லாம் சமன்பாட்டுக்கு அடங்குகின்றன.

மனிதர்கள்தான் அடங்க மறுக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஆயிரம் அடிக்கு போர் இறங்கினால், தன் கிணற்றில் தண்ணீர் இருக்கும்போதே இவரும் கடன் வாங்கி ரிக் வண்டியை வரவழைக்கிறார். (உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பதற்கு நான் எந்த மாறியைச் சேர்ப்பது!)

இந்தப் போட்டியை ஒரு வலுவூட்டும் சுழற்சியாகவே (ஒரு போர் அடுத்த போரைத் தூண்ட, தானே பெருகிக்கொண்டு போகும் சுழற்சி) எழுதலாமா, இல்லை ஒவ்வொரு விவசாயியையும் தனித்தனியாகக் காட்டும் ஏஜென்ட் மாதிரிக்குப் போக வேண்டுமா? ‘எப்போது போர் போடுவீர்கள்?’ என்று கேட்டால் ‘தண்ணீர் வற்றினால்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்; செய்வது வேறு. வேறு எப்படிக் கேட்டால் உண்மையான முடிவெடுக்கும் விதி கிடைக்கும்? களப்பணி அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.